கேபிள் கம்பெனிங்க மேல பேட்டன்ட் கேஸ் போட்ட குட்டிக் கம்பெனி ஷேர் வச்சிருக்கீங்களா? கேஸை நீங்களே ஃபாலோ பண்ற வழி

காம்காஸ்ட், சார்ட்டர், காக்ஸ் மாதிரி அமெரிக்காவோட பெரிய கேபிள் கம்பெனிங்க மேல பேட்டன்ட் கேஸ் போட்டிருக்கிற ஒரு குட்டிக் கம்பெனி, ஷேர் ஒரு சென்ட் ரெண்டு சென்ட்டுக்குக் கிடைக்குது, கேஸ் ஜெயிச்சா எங்கயோ போயிடும்னு கூட வேலை பாக்கறவர் சொன்னார்னு வாங்கிப் போட்டிருப்பீங்க. அதுக்கப்புறம் கேஸ் எந்த நிலைமைல இருக்குன்னு தெரிஞ்சுக்கப் போனா யார்கிட்டயும் பதில் இருக்காது. கம்பெனிக்கு போன் போட்டா வாய்ஸ்மெயில், வெப்சைட்ல பழைய நியூஸ், வாட்ஸ்அப் குரூப்ல "அடுத்த வாரம் செட்டில்மென்ட்"னு மாசக்கணக்கா ஒரே மெசேஜ். நான் இதுல நல்லா அல்லாடிட்டேன். தகவல் எல்லாமே பொதுவுலதான் இருக்கு, பாதிக்கு மேல இலவசம், ஆனா கோர்ட்ல கொஞ்சம், பேட்டன்ட் ஆபீஸ்ல கொஞ்சம், ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஸ்இசில கொஞ்சம்னு மூணு இடத்துல கிடக்கு, எதை முதல்ல பாக்கறதுன்னு சொல்ல ஆளில்ல. நீங்க அந்த அலைச்சல் படவேண்டாம்னுதான் வரிசையா எழுதறேன்.

ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடறேன், கீழ வர்ற எல்லா ஸ்டெப்புக்கும் இதுதான் அடிப்படை. கேஸ் ஜெயிக்கறது ஒரு விஷயம், அந்தக் காசு உங்க ஷேர் வரைக்கும் வந்து சேர்றது வேற விஷயம். முதல் கேள்வியை எல்லாரும் கேக்கறாங்க, ரெண்டாவதை ரொம்பக் கொஞ்சம் பேர்தான் கேக்கறாங்க.

உதாரணத்துக்கு சான்பாண்ட் கேஸை எடுத்துக்கறேன். 2015 செப்டம்பர்ல டெலவேர் ஃபெடரல் கோர்ட்ல 13 கேபிள் கம்பெனிங்க மேல போட்டது. டாக்சிஸ் 3.0ங்கற கேபிள் இன்டர்நெட் ஸ்டாண்டர்டுல ஓடற மோடம்ல பல 6 மெகாஹெர்ட்ஸ் சேனலை ஒண்ணா சேத்து ஸ்பீடு குடுக்கறாங்களே, சேனல் பாண்டிங்னு, அது எங்க பேட்டன்ட்டை மீறுதுங்கறதுதான் புகார். அதே வருஷம் சான்பாண்டை யூனிஃபைட்ஆன்லைன்ங்கற பென்னி ஸ்டாக் (சில சென்ட்டுக்கு விக்கற ஷேர்) கம்பெனி வாங்குச்சு, அப்படித்தான் சின்ன முதலீட்டாளர்கள் இதுக்குள்ள வந்தாங்க.

நான் வக்கீல் இல்ல, ஷேர் வாங்குங்கன்னோ வித்துடுங்கன்னோ சொல்ல வரல. பேப்பரை எங்க தேடறது, எப்படிப் படிக்கறது, எவ்வளவு செலவாகும், அது மட்டும்தான்.

1. முதல்ல கேஸ் நம்பரைப் புடிங்க

கம்பெனி பேரை வச்சுத் தேடினா பாதி நேரம் ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா கேஸ் போட்டது நீங்க ஷேர் வாங்கின கம்பெனியா இருக்காது, அதுக்குக் கீழ தனியா பதிவு பண்ணின ஒரு எல்எல்சி கம்பெனியா இருக்கும். நீங்க வாங்கினது யூனிஃபைட்ஆன்லைன், கோர்ட்ல வாதி பேரு சான்பாண்ட். அந்த எல்எல்சி பேரைக் கம்பெனியோட எஸ்இசி ரிப்போர்ட்ல "லீகல் ப்ரொசீடிங்ஸ்"ங்கற பகுதில பாத்துக்கலாம்.

நம்பர் இப்படி இருக்கும்: 1:15-சிவி-00842-ஆர்ஜிஏ (கோர்ட்ல ஆங்கில எழுத்துல). 15ன்னா 2015, சிவின்னா சிவில், 842 அந்த வருஷத்து வரிசை எண், கடைசி மூணு எழுத்து ஜட்ஜோட இனிஷியல், இந்தக் கேஸ்ல ரிச்சர்ட் ஆண்ட்ரூஸ். ஜட்ஜ் மாறினா அந்த மூணு எழுத்து மாறும், நடு நம்பர் மாறாது.

கவனிக்க வேண்டியது: கேபிள் கம்பெனி ஒவ்வொண்ணு மேலயும் தனித்தனி நம்பர்ல கேஸ் ஆரம்பிக்கும், அப்புறம் எல்லாத்தையும் ஒரு நம்பருக்குக் கீழ கொண்டு வருவாங்க. லீட் கேஸ்னு அதுக்குப் பேரு. நீங்க காம்காஸ்ட் மேல போட்ட கேஸோட நம்பரை மட்டும் பாத்துட்டு "வருஷக்கணக்கா ஒண்ணுமே நடக்கலையே"ன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, அங்க லீட் கேஸ்ல நூத்துக்கணக்குல பேப்பர் ஏறியிருக்கும்.

2. பேசர் அக்கவுண்ட் திறங்க, ஆனா முதல்ல இலவசத்தைப் பாருங்க

ஃபெடரல் கோர்ட் பேப்பர் எல்லாம் பேசர்ங்கற சிஸ்டத்துல இருக்கு. யார் வேணா அக்கவுண்ட் திறக்கலாம், வக்கீலா இருக்கணும்னு இல்ல. கிரெடிட் கார்டு குடுத்தா உடனே உள்ள போகலாம், குடுக்கலைன்னா ஆக்டிவேஷன் கோடு தபால்ல வரும், ஒரு வாரம் பத்து நாள் காத்திருக்கணும்.

செலவு: பக்கத்துக்கு 10 சென்ட். ஒரு டாக்குமென்ட்டுக்கு அதிகபட்சம் 3 டாலர், அதாவது 30 பக்கத்துக்கு மேல எத்தனை பக்கம் இருந்தாலும் 3 டாலர்தான். மூணு மாசத்துக்கு மொத்தம் 30 டாலர் வரைக்கும் ஆனா அந்தக் காசை வாங்கவே மாட்டாங்க, தள்ளுபடி. 30ஐத் தாண்டிடுச்சுன்னா மொத்தத்தையும் கட்டணும், தாண்டின பத்து சென்ட்டை மட்டும் இல்ல. அதனால மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசில உங்க பில்லை ஒரு தடவை பாத்துட்டு டவுன்லோடு பண்ணுங்க, 28 டாலர்ல இருந்தீங்கன்னா ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கலாம்.

பில் எகிர்றது வழக்கமா மூணு எடத்துல. ஒண்ணு, அந்த 3 டாலர் வரம்பு பேர் போட்டுத் தேடற ரிசல்ட்டுக்கும் ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கும் (கோர்ட்ல பேசினதை அப்படியே எழுதினது) கிடையாது. ரெண்டு, ஒரு மோஷனோட, அதாவது கோர்ட்ல போடற மனுவோட, இருபது எக்ஸிபிட் (இணைப்புப் பேப்பர்) இருந்தா ஒவ்வொண்ணும் தனி டாக்குமென்ட்டா கணக்கு, "எல்லாத்தையும் டவுன்லோடு"ன்னு அமுக்கினா ஒரே க்ளிக்ல அந்த மூணு மாசக் கணக்கு முடிஞ்சிடும். மூணு, முழு டாக்கெட்டையும், அதாவது கேஸ்ல ஏறின பேப்பரோட மொத்தப் பட்டியலையும், தினம் திறந்து பாக்கறது. டாக்கெட் கேக்கற பக்கத்துல தேதி போடற கட்டம் இருக்கு, போன வாரத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும்னு போட்டா ஒரு பக்கம் ரெண்டு பக்கத்தோட முடியும், 20 சென்ட்.

ஆனா அதுக்கும் முன்னாடி கோர்ட்லிஸனர்ங்கற இலவசத் தளத்துல நம்பரைப் போட்டுப் பாருங்க. பேசர்ல காசு குடுத்து எடுத்தவங்க ரீகேப்ங்கற ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தா அந்தக் காப்பி தானா அங்க போய்ச் சேரும், அடுத்தவங்களுக்கு இலவசம். நீங்களும் அதைப் போட்டுக்கங்க, நீங்க எடுக்கறது இன்னொருத்தருக்கு உதவும். கேஸ்ல புதுசா ஏதாவது ஏறினா ஈமெயில் வர்ற மாதிரி அங்கயே அலர்ட்டும் வச்சுக்கலாம். ஜட்ஜ் எழுதற ஒப்பீனியன் பேசர்லயே காசில்லாமக் கிடைக்கும், அதுக்கு யாருக்கும் பணம் குடுக்காதீங்க.

3. டாக்கெட் ஷீட்டைப் படிக்கறது

முதல் பக்கம் வலது பக்கத்துல சின்ன எழுத்துல நாலஞ்சு வரி இருக்கும். கேஸ் போட்ட தேதி, ஜூரி டிமாண்ட் யாரு, "நேச்சர் ஆஃப் சூட்: 830 பேட்டன்ட்". அந்த 830 இருந்தா சரியான எடத்துக்கு வந்திருக்கீங்க. கீழ வக்கீல்கள் பட்டியலே பக்கம் பக்கமாப் போகும், 13 கம்பெனின்னா ஒவ்வொண்ணுக்கும் லோக்கல் வக்கீல் ஒரு செட், வெளியூர் வக்கீல் ஒரு செட், அதுக்கும் சேத்துத்தான் 10 சென்ட் போகுது, டாக்கெட் எடுக்கும்போது வக்கீல் லிஸ்ட் வேணாம்னு டிக்கை எடுத்துடுங்க.

என்ட்ரில முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லாதது. வெளியூர் வக்கீலை அனுமதிக்கச் சொல்ற மோஷன், தேதி தள்ளச் சொல்லி ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட ஸ்டிபுலேஷன், பேப்பரை எதிர்த் தரப்புக்குக் குடுத்தாச்சுங்கற நோட்டீஸ் ஆஃப் சர்வீஸ். இதைப் பாத்துட்டு "கேஸ் சூடு புடிச்சிடுச்சு"ன்னு குரூப்ல போடறவங்க இருக்காங்க. நம்பாதீங்க.

கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாக்க வேண்டியது ஷெட்யூலிங் ஆர்டர். கேஸோட காலண்டரே அதுல இருக்கு: டிஸ்கவரி (ரெண்டு தரப்பும் ஆதாரத்தைக் கேட்டு வாங்கறது) எப்ப முடியுது, க்ளெய்ம் கன்ஸ்ட்ரக்ஷன் ஹியரிங் எப்ப, சம்மரி ஜட்ஜ்மென்ட் மோஷன் எப்ப, ப்ரீட்ரையல் கான்ஃபரன்ஸ் எப்ப, ட்ரையல் எப்ப. அதை போன் காலண்டர்ல ஏத்திக்கங்க. தேதி தள்ளிப்போகும், ஒரு தடவை இல்ல பல தடவை, ஒவ்வொரு தடவையும் புது ஆர்டர் வரும், பழைய தேதியை வச்சுக்கிட்டு ஷேர் வாங்கறதுதான் ஆபத்து. சான்பாண்ட் 2015ல ஆரம்பிச்சு 2021 வரைக்கும் இழுத்துச்சு. பேட்டன்ட் கேஸ்ல இது ஒண்ணும் அதிசயம் இல்ல.

அடுத்தது க்ளெய்ம் கன்ஸ்ட்ரக்ஷன், மார்க்மன் ஹியரிங்னும் சொல்வாங்க. பேட்டன்ட்ல இருக்கிற வார்த்தைக்கு என்ன எல்லைன்னு ஜட்ஜ் முடிவு பண்ணுவார். இதுல எல்லை ரொம்பக் குறுகிப்போச்சுன்னா ஜூரி வரைக்கும் போகாமலே கேஸ் செத்துடும். அந்த ஒப்பீனியன் வந்த அன்னிக்கே படிங்க, இலவசம்தான், பத்து இருபது பக்கம், வாதி சொன்ன அர்த்தம் ஒரு பக்கம், எதிராளி சொன்ன அர்த்தம் ஒரு பக்கம், ஜட்ஜ் எதை எடுத்துக்கிட்டார்னு கட்டம் போட்டு இருக்கும். இஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு இது கஷ்டமே இல்ல.

அப்புறம் சம்மரி ஜட்ஜ்மென்ட், அதாவது ட்ரையல் இல்லாமலே ஜட்ஜ் முடிவு பண்றது. அப்புறம் டாபர்ட் மோஷன், அதாவது நஷ்ட ஈடு எவ்வளவுன்னு கணக்கு சொல்ற எக்ஸ்பர்ட்டை ஜூரி முன்னாடி பேச விடலாமா வேணாமாங்கற சண்டை. எக்ஸ்பர்ட்டோட கணக்கை ஜட்ஜ் தூக்கிட்டார்னா கேஸ் உயிரோடதான் இருக்கும், ஆனா கேக்கற தொகை சுருங்கிடும். ஷேர் விலைக்கு இது பெரிய விஷயம், இதைப் பத்தி யாரும் பேசமாட்டாங்க.

முக்கியமான பேப்பர் நிறைய "சீல்டு"ன்னு பூட்டி இருக்கும். டெலவேர்ல சீல் பண்ணிப் போட்டதுக்கு வழக்கமா ஏழு நாளைக்குள்ள ரகசிய வரிகளைக் கறுப்படிச்ச பொதுக் காப்பி போடணும். அதனால பூட்டிருக்குன்னு விட்டுடாம ஒரு வாரம் கழிச்சு "ரெடாக்டட் வெர்ஷன்"னு வந்திருக்கான்னு பாருங்க. ஹியரிங் ட்ரான்ஸ்கிரிப்ட் 90 நாள் ஆன்லைன்ல வராது, அவசரம்னா கோர்ட் கிளார்க் ஆபீஸ்ல போய் ஸ்கிரீன்ல பாக்கலாம், இல்ல அதை எழுதற கோர்ட் ரிப்போர்ட்டர்கிட்ட காசு குடுத்து வாங்கலாம். பக்கத்து மாநிலத்துல இருக்கிறவங்க நேர்லயே போகலாம், வில்மிங்டன்ல நார்த் கிங் ஸ்ட்ரீட் 844ல கோர்ட், ஹியரிங் பொதுவா எல்லாருக்கும் திறந்ததுதான், போன் லேப்டாப் உள்ள விடுவாங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுட்டுப் போங்க. ஜட்ஜுக்கு லெட்டர் எழுதறது, ஜட்ஜோட ஆபீஸுக்கு போன் பண்றது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஷேர்ஹோல்டர் அந்தக் கேஸ்ல பார்ட்டி கிடையாது, வாதியோட வக்கீல் உங்க வக்கீலும் கிடையாது.

4. பேட்டன்ட் யார் பேர்ல இருக்கு, எப்ப காலாவதி

கம்ப்ளெயின்ட்ல, அதாவது கேஸை ஆரம்பிக்கப் போட்ட புகார்ல, பேட்டன்ட் நம்பர் இருக்கும். சான்பாண்ட்ல மூணு: 7,941,822, 8,341,679, 8,984,565. கூகுள் பேட்டன்ட்ஸ்ல நம்பரைப் போட்டா முழுசும் இலவசம். மூணு விஷயம் பாருங்க.

காலாவதி: முதல் விண்ணப்பத் தேதில இருந்து 20 வருஷம், சிலதுக்கு கொஞ்சம் கூட நீட்டிப்பு இருக்கும். காலாவதி ஆனாலும் கேஸ் செல்லும், ஆனா பின்னோக்கி ஆறு வருஷ நஷ்ட ஈடுதான் கேக்க முடியும், இனிமே வர்ற காலத்துக்கு ராயல்டி இல்ல. "சாகற வரைக்கும் கேபிள் கம்பெனி கப்பம் கட்டும்"னு யாராவது சொன்னா இந்தத் தேதியைக் காட்டுங்க.

பராமரிப்புக் கட்டணம்: பேட்டன்ட் கிடைச்சு மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருஷத்துல கட்டணும். கட்டலைன்னா பேட்டன்ட் போச்சு. கையில காசில்லாத கம்பெனி விஷயத்துல இதைக் கண்டிப்பா பாருங்க, பேட்டன்ட் ஆபீஸ் தளத்துலயே இலவசமா தெரியும்.

அசைன்மென்ட் ரெக்கார்டு: பேட்டன்ட் கை மாறின ஒவ்வொரு தடவையும் அங்க பதிவாகியிருக்கும். நம்ம ஊர்ல நிலம் வாங்கறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாக்கற மாதிரிதான் இது. "செக்யூரிட்டி இன்ட்ரஸ்ட்"னு ஒரு வரி இருந்தா, யாரோ கடன் குடுத்துட்டு பேட்டன்ட்டை அடமானமா புடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். காசு வந்தா அவங்களுக்குத்தான் முதல்ல.

5. பேட்டன்ட் ஆபீஸ்ல நடக்கிற இன்னொரு சண்டை

இதை மறந்தவங்கதான் அதிகம் அடிபட்டாங்க. கோர்ட்ல கேஸ் நடக்கும்போதே எதிராளி பேட்டன்ட் ஆபீஸ்ல பிடிஏபிங்கற, பேட்டன்ட் செல்லுமான்னு விசாரிக்கிற போர்டு முன்னாடி ஐபிஆர்னு ஒரு மனு போடலாம், இந்தப் பேட்டன்ட்டே செல்லாதுன்னு. தேடும்போது கேபிள் கம்பெனி பேரை மட்டும் தேடாதீங்க, அவங்களுக்கு மோடம், ஹெட்எண்ட் (கேபிள் ஸ்டேஷன்) சாமான் விக்கற கம்பெனி போட்டிருப்பாங்க. சான்பாண்ட் பேட்டன்ட் மேல சிஸ்கோ, ஆரிஸ் போட்டாங்க. அதனால பேட்டன்ட் நம்பரை வச்சுத் தேடுங்க. பேட்டன்ட் ஆபீஸ் தளத்துல இந்தப் பேப்பர் பாக்க ஒரு பைசா கிடையாது.

டைமிங் இங்க கறாரா இருக்கும், அதான் நமக்கு வசதி. கம்ப்ளெயின்ட் எதிராளி கைக்கு முறைப்படி போன நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். மனு போட்டதுல இருந்து ஏறக்குறைய ஆறு மாசத்துல, விசாரிக்கப் போறோமா இல்லையான்னு பேட்டன்ட் ஆபீஸ் சொல்லிடும். விசாரிக்கறோம்னு சொன்னா அதுல இருந்து ஒரு வருஷத்துல கடைசி முடிவு. இந்த ரெண்டு தேதியையும் குறிச்சு வச்சுக்கங்க. "விசாரிக்கறோம்"னு சொன்னாலே பேட்டன்ட் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆனா கோர்ட் ஜட்ஜ் அது முடியற வரைக்கும் கேஸை நிறுத்தி வைக்கலாம், அப்ப ஒரு ஒன்றரை வருஷம் ஓடிடும். அந்த நேரத்துல குட்டிக் கம்பெனி செலவுக்கு என்ன பண்ணும்? ஷேர் அடிச்சு விக்கும். அதனாலதான் அடுத்த ஸ்டெப்.

6. எட்கர்ல உக்காருங்க, இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

எஸ்இசியோட எட்கர் தளம் முழுக்க இலவசம். 10-கே வருஷ ரிப்போர்ட், 10-க்யூ காலாண்டு ரிப்போர்ட், 8-கே பெரிய விஷயம் நடந்தா நாலு வேலை நாளுக்குள்ள போடறது. ப்ரெஸ் ரிலீஸ் படிக்கறதை விட்டுட்டு இதைப் படிங்க.

முதல்ல கடைசி 10-கே எப்ப போட்டாங்கன்னு பாருங்க. வருஷக்கணக்கா போடலைன்னா அந்த ஷேரைத் தொடறதுக்கு முன்னாடி நிறைய யோசிக்கணும். 2021 செப்டம்பர் 28ல இருந்து 15சி2-11ங்கற விதி கடுமையாச்சு, நடப்பு விவரம் பொதுவுல இல்லாத கம்பெனி ஷேரை ப்ரோக்கர்கள் வழக்கம்போல விலை சொல்லி வியாபாரம் பண்ண முடியாது, அந்த மாதிரி ஷேர் எக்ஸ்பர்ட் மார்க்கெட்டுக்குத் தள்ளப்பட்டுச்சு, நம்மள மாதிரி ஆளுங்க வாங்க முடியாம, பல ப்ரோக்கர்கிட்ட விக்கறதுக்கும் திண்டாடற நிலைமை. அதையும் தாண்டி எஸ்இசி ரெஜிஸ்ட்ரேஷனையே ரத்து பண்ணிட்டா எந்த ப்ரோக்கரும் அந்த ஷேரை வாங்கி விக்கவே முடியாது. கேஸ் நல்லாப் போயிட்டிருக்கும்போதே இது நடக்கலாம், ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

அடுத்தது ஷேர் எண்ணிக்கை. 10-கே முதல் பக்கத்துலயே வெளில இருக்கிற ஷேர் எத்தனைன்னு போட்டிருக்கும். அதை ரெண்டு மூணு வருஷத்துக்கு வரிசையா எழுதி வச்சுப் பாருங்க, நோட்டுல கையால எழுதினாலே போதும். 200 மில்லியன்ல ஆரம்பிச்சு 2 பில்லியன் ஆகியிருந்தா உங்க பங்கு பத்துல ஒண்ணு ஆயிடுச்சு, கேஸ் அதே கேஸ்தான். இதுக்குக் காரணம் பெரும்பாலும் கன்வர்ட்டிபிள் நோட். கடன் குடுத்தவர் பணத்துக்குப் பதிலா மார்க்கெட் விலைல இருந்து தள்ளுபடில ஷேரா எடுத்துக்கிட்டு விக்கறார், விலை இறங்குது, அடுத்த தடவை இன்னும் அதிக ஷேர் கிடைக்குது. ரிப்போர்ட்ல "நோட்ஸ் பேயபிள்" குறிப்புல மாற்று விலை எப்படிக் கணக்குன்னு எழுதியிருக்கும். நிலையான விலைன்னா பரவாயில்ல. "கடைசி இருபது நாள்ல குறைஞ்ச விலையில 50 சதவீதம்"ங்கற மாதிரி இருந்தா, அந்த ஷேர் மேல ஏறவே விடாது.

பிரிஃபர்டு ஷேரையும் (சாதா ஷேரைவிட முன்னுரிமை உள்ளது) பாருங்க. பேட்டன்ட்டை வித்தவங்களுக்கு காசில்லாம பிரிஃபர்டு குடுத்திருப்பாங்க, அது ஒண்ணு கோடிக்கணக்கான சாதா ஷேரா மாறும்.

7. பணம் எந்த வழியா வருதுன்னு கணக்கு போடுங்க

இப்ப பேனா எடுங்க. கீழ இருக்கிறது எந்தக் கம்பெனியோட நிஜ எண்ணும் இல்ல, கணக்கு எப்படி ஓடுதுன்னு காட்ட மட்டும்.

செட்டில்மென்ட் 100 மில்லியன் டாலர்னு வைங்க. வக்கீல் ஜெயிச்சா மட்டும் கட்டணம்ங்கற அக்ரிமென்ட்ல இருப்பாங்க, 40 சதவீதம்னு வச்சா 60 மிச்சம். எக்ஸ்பர்ட், டிஸ்கவரி செலவு 5 போச்சுன்னா 55. பேட்டன்ட்டைக் குடுத்தவங்களுக்கு நிகரத் தொகைல பாதின்னு அக்ரிமென்ட் இருந்தா 27.5. கடன், நோட், டைரக்டர்களுக்கு வருஷக்கணக்கா பாக்கி வச்ச சம்பளம் 7.5 போனா 20. ஃபெடரல் கார்ப்பரேட் வரி 21 சதவீதம் போனா 15.8 மில்லியன். வெளில ஷேர் 2 பில்லியன்னா ஒரு ஷேருக்கு 0.79 சென்ட். 100 மில்லியனை நேரா 2 பில்லியனால வகுத்தா 5 சென்ட் வரும், எல்லாரும் சொல்லிட்டுத் திரியறது அந்த 5 சென்ட்டைத்தான். நீங்க 2 சென்ட்டுக்கு வாங்கியிருந்தா கேஸ் ஜெயிச்சும் உங்களுக்கு நஷ்டம். அந்த 0.79ஐயும் டிவிடெண்டா குடுத்தே ஆகணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, அடுத்த தொழில்ல போடறோம்னு போர்டு சொல்லிடலாம்.

அதனால இந்த அக்ரிமென்ட்டை எல்லாம் தேடி எடுங்க, 8-கே, 10-கே பின்னாடி எக்ஸிபிட்டா ஒட்டியிருக்கும். வக்கீல் பங்கு, பேட்டன்ட் விற்றவர் பங்கு, வழக்குக்குக் காசு போட்ட ஃபண்டோட பங்கு, யாருக்கு எந்த வரிசைன்னு. வெளியாள் காசு போட்டிருக்காங்களான்னு கண்டுபிடிக்கறது கஷ்டம்தான், ஆனா டெலவேர்ல சீஃப் ஜட்ஜ் கானலி 2022 ஏப்ரல்ல போட்ட ஆர்டர்ப்படி அவர் முன்னாடி வர்ற கேஸ்ல அதை வெளிப்படையா சொல்லணும், அப்படிப்பட்ட கேஸ்னா டாக்கெட்லயே இருக்கும்.

சான்பாண்ட்ல 2021ல காக்ஸ் கூட முதல் ட்ரையல் வரவேண்டிய கட்டத்துல செட்டில் ஆச்சு. அதுக்கப்புறமும் ஓயல, பணத்துல யாருக்கு எவ்வளவுன்னு வாதி தரப்புக்குள்ளயே தகராறு ஆகி அதுவும் சட்டச் சண்டையாச்சு. ஷேர்ஹோல்டருங்க எத்தனையோ வருஷம் கேபிள் கம்பெனியை மட்டுமே பாத்துக்கிட்டு இருந்தாங்க, தன் பக்கத்து ஆளுங்க என்ன கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்கன்னும் பாத்திருக்கணும்.

8. வெர்டிக்ட் வந்துடுச்சுன்னா?

ஜூரி வெர்டிக்ட், அதாவது ஜூரியோட தீர்ப்பு, வந்த உடனே காசு வராது. தோத்த பக்கம் 28 நாளைக்குள்ள அதே ஜட்ஜ்கிட்ட வெர்டிக்ட்டைத் தள்ளுங்கன்னு மோஷன் போடலாம். அது முடிஞ்சு 30 நாளைக்குள்ள அப்பீல், பேட்டன்ட் அப்பீல் எல்லாம் வாஷிங்டன்ல ஃபெடரல் சர்க்யூட்டுக்குத்தான், அங்க ஒரு வருஷம் ஒன்றரை வருஷம். அங்க நடக்கிற வாதத்தோட ஆடியோ கோர்ட் தளத்துலயே இலவசமா போட்டுடுவாங்க, கேட்டுப் பாருங்க, ஜட்ஜ் கேக்கற கேள்வில இருந்தே நிறையப் புரியும்.

எந்தப் பக்கம் வேணாலும் திரும்பும். வ்ரிங்கோங்கற கம்பெனி கூகுளும் இன்னும் சில கம்பெனிங்களும் மேல நடத்தின கேஸ்ல 2012ல ஜூரி மொத்தம் 30 மில்லியன் டாலர் அளவுக்குக் குடுத்துச்சு, 2014 ஆகஸ்ட்ல ஃபெடரல் சர்க்யூட் பேட்டன்ட்டே செல்லாதுன்னுடுச்சு, ஷேர் ஒரே நாள்ல பாதிக்கும் மேல விழுந்துச்சு. டிவி ரெக்கார்டர் கம்பெனி டிவோ 2006ல சாட்டிலைட் டிவி கம்பெனி எக்கோஸ்டார் மேல வாங்கின 74 மில்லியன் வெர்டிக்ட், 2011 வரைக்கும் போராடி 500 மில்லியன்ல முடிஞ்சுது. ஸ்பிரின்ட் டைம் வார்னர் கேபிள் மேல 2017ல வாங்கின 139.8 மில்லியன் வெர்டிக்ட்டை 2018 நவம்பர்ல அப்பீல் கோர்ட் அப்படியே உறுதி பண்ணுச்சு. ஃபோர்ஜென்ட்ங்கற கம்பெனி போட்ட பேட்டன்ட் கேஸ் கதை இன்னொரு தினுசு, 2007ல கேபிள் கம்பெனிங்க 20 மில்லியன் குடுத்து வெளில போனாங்க, எக்கோஸ்டார் மட்டும் ட்ரையலுக்கு நின்னுச்சு, டெக்ஸஸ் ஜூரி பேட்டன்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதாவது ஒரு எதிராளி காசு குடுத்தான்னா மிச்சப்பேரும் குடுத்தே தீரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

9. செட்டில்மென்ட் டாக்கெட்ல எப்படித் தெரியும்

பெரும்பாலும் ஒரு சின்ன வரிதான். தேதியை எல்லாம் நிறுத்தி வைங்கன்னு ரெண்டு தரப்பும் சேந்து ஒரு ஸ்டிபுலேஷன், அப்புறம் சில வாரம் கழிச்சு "ஸ்டிபுலேஷன் ஆஃப் டிஸ்மிஸல் வித் ப்ரெஜுடிஸ்", கீழ ஜட்ஜ் கையெழுத்து. வித் ப்ரெஜுடிஸ்னா அதே புகாரை மறுபடி கொண்டு வரமுடியாது, அனேகமா செட்டில் ஆயிடுச்சு, அல்லது வாதி கைவிட்டாச்சு. வித்தவுட்னா மறுபடி போடலாம். எந்தெந்த எதிராளி பேர் அதுல இருக்குன்னு எண்ணிப் பாருங்க, எல்லாரும் இருக்காங்களா ஒருத்தர் மட்டுமான்னு.

தொகை அதுல இருக்காது, ரகசியம்னு அக்ரிமென்ட்ல இருக்கும். கம்பெனி ஒழுங்கா ரிப்போர்ட் போடற கம்பெனின்னா அடுத்த 10-க்யூல கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்ல தெரிஞ்சுடும், திடீர்னு ஒரு பெரிய வரவு, அதை ஒட்டி வக்கீல் செலவு. ரிப்போர்ட்டே போடாத கம்பெனின்னா தொகை என்னன்னு தெரிய வழியே இருக்காது, ஆறாவது ஸ்டெப்பை அவ்வளவு அழுத்தி எழுதினதுக்கு இதான் காரணம்.

10. வாங்கற செலவு, வரி

பெரிய எக்ஸ்சேஞ்ச்ல இல்லாம வெளில வியாபாரம் ஆகிற ஓடிசி ஷேருக்கு சில ப்ரோக்கர் கமிஷன் வாங்கறாங்க, ஒரு ட்ரேடுக்கு 6.95 டாலர் மாதிரி. 100 டாலருக்கு வாங்கி விக்கறவங்களுக்கு போக வர 14 டாலர், ஆரம்பத்துலயே 14 சதவீதம் போச்சு. மார்க்கெட் ஆர்டர் (கிடைச்ச விலைக்கு) போடாதீங்க, லிமிட் ஆர்டர் (நீங்க வைக்கிற விலைக்கு) மட்டும்தான், சென்ட்ல பத்துல ஒரு பங்கு வித்தியாசம் கூட இந்த விலைல பெரிய சதவீதம்.

வாங்கின தேதி, விலை, கன்ஃபர்மேஷன் எல்லாத்தையும் பிடிஎஃப்பா சேவ் பண்ணி வைங்க, ப்ரோக்கர் மாறினா பழைய விவரம் கூடவே வரும்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க. வித்து நஷ்டம் வந்தா முதல்ல மத்த கேப்பிட்டல் லாபத்துல கழிச்சுக்கலாம், மிச்சத்துல வருஷத்துக்கு 3,000 டாலர் வரைக்கும் சம்பள வருமானத்துல கழிக்கலாம், அதுக்கும் மேல இருந்தா அடுத்த வருஷத்துக்குப் போகும். விக்கவே முடியாம மதிப்பு முழுசா பூஜ்யம் ஆயிடுச்சுன்னா "வர்த்லெஸ் செக்யூரிட்டி"ன்னு காட்டலாம், அது எந்த வருஷம் பூஜ்யம் ஆச்சோ அந்த வருஷக் கணக்குலதான் காட்டணும், இஷ்டப்பட்ட வருஷத்துல முடியாது. அந்த வருஷத்தைத் தவறவிட்டிருந்தா திருத்தின ரிட்டர்ன் போடறதுக்கு வழக்கமான மூணு வருஷம் இல்லாம இதுக்கு மட்டும் ஏழு வருஷம் டைம் இருக்கு. ரெஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணின எஸ்இசி ஆர்டர் இருந்தா அதையும் ப்ரோக்கர் ஸ்டேட்மென்ட்டையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க, உங்க டாக்ஸ் பாக்கறவர் முதல்ல கேக்கப்போறது அந்த ரெண்டைத்தான்.